ஓட்டைக்குச் சான்றிதழ்

டெல்மாஸுக்குக் கடிதம் படிக்கிற பழக்கம் கிடையாது. உறைக்குள் வருகிற எதுவும் நல்லதுக்கு வராது என்பது அவன் கட்சி. தபால் பெட்டியிலிருந்து எடுத்து வந்து அத்திப்பழ ஜாம் ஜாடிக்குக் கீழே சொருகிவிட்டு, பல் குத்திக்கொண்டு போய்விடுவான். படிப்பது, கவலைப்படுவது, பதில் போடுவது எல்லாம் நீவாவின் பாடு. முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் வேலை அப்படித்தான் பிரிந்திருந்தது.

அன்றைக்கு நீவா நண்டுக் கொட்டகையிலிருந்து வரும்போது மணி மூன்று. காலை நாலரைக்கு உட்கார்ந்தவள். வேகவைத்து மேஜையில் குவித்த நீல நண்டுகளை ஒவ்வொன்றாக உடைத்து, கத்தி நுனியால் சதையை எடுத்து டப்பாவில் நிரப்புகிற வேலை. விரல் பூராவும் கீறல், கீறல் பூராவும் உப்பு. எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவினாலும் அந்த வாடை போகாது. கையைத் துடைத்துக்கொண்டு ஜாடியைத் தூக்கிக் கடிதத்தைப் பிரித்தாள். காப்பீட்டுக் கம்பெனி எழுதியிருந்தது. நின்றபடியே இரண்டு தடவை படித்தாள், பிறகு உட்கார்ந்து ஒரு தடவை.

காயல் கரையோரத்தில் இருக்கிற அவர்கள் ஊர் பைனி நெக்கில் முக்கால்வாசி வீடுகளும் ஒரே மாதிரிதான். சுற்றிலும் ஹாலோ பிளாக் சுவர் எழுப்பி அதன்மேல் பலகைத் தரை போட்டு வீட்டை உட்காரவைத்திருக்கும். தரைக்குக் கீழே, ஆள் தவழ்ந்து போகிற உயரத்துக்கு இருட்டாக இடம் கிடக்கும். தண்ணீர்க் குழாய், கரண்டு வயர், பூனைக்குட்டி, பாம்பு எல்லாம் அங்கேதான். காயல் பொங்கி வந்தால் வெளியே தண்ணீர் ஏறி நிற்கும், உள்ளே வெறுமையாக இருக்கும். வெளியே இருக்கிற கனம் சுவரை உள்ளே தள்ளிவிடும். சுவர் போனால் வீடு போச்சு. ஆகவே கம்பெனி சொன்னது: அடிச்சுவரில் வெள்ளக்கண், அதாவது வெள்ளம் புகுந்து போகிற துவாரம், வைக்க வேண்டும். தண்ணீர் தானாக உள்ளே போய்த் தானாக வெளியே வரவேண்டும், மனுஷன் போய்த் திறக்கிற வேலை இருக்கக் கூடாது. ஒன்று, வீட்டின் பரப்புக்குத் தக்கபடி எப்போதும் திறந்திருக்கிற ஓட்டைகள். அல்லது, இஞ்சினியர் கையெழுத்துப் போட்ட சான்றிதழோடு வருகிற வெள்ளக்கண்கள். இரண்டும் இல்லையென்றால் அடுத்த வருஷத்திலிருந்து உங்களுக்கும் எங்களுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு நண்டுக் குழம்பு. சோளமாவு உருண்டைகளைப் போட்டுக் கொதிக்க வைத்திருந்தாள். டெல்மாஸின் அண்ணன் ராய்ஸ் அடுத்த வீடு. உலை கொதிக்கிற வாசனை வேலி தாண்டினால் அவன் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.

"கடுதாசியில என்னவாம்?" என்றான் டெல்மாஸ்.

"அடிச்சுவத்துல ஓட்டை போடணுமாம்."

"போட்டா போச்சு. உளி இருக்கு, சுத்தி இருக்கு."

"சும்மா ஓட்டை இல்ல. சர்டிபிகேட் வாங்கின ஓட்டை."

ராய்ஸுக்குப் புரையேறிவிட்டது. இருமி முடித்துவிட்டுச் சொன்னான்: "ஓட்டைக்குமா சர்டிபிகேட்? ஒண்ணுமே இல்லாத இடத்துக்கு எவன்மா கையெழுத்துப் போடுவான்? டேய் டெல்மாஸ், நம்ம அப்பா வீட்டுக் கூடத்துல ஒரு கட்டை இருந்துச்சே, தரையில அடிச்சு வச்சிருந்தது. தண்ணி வாசப்படி ஏறினா அம்மா கம்பளத்தைச் சுருட்டும், அப்பா கட்டையப் புடுங்குவாரு. காயல் குபுகுபுன்னு கூடத்துக்குள்ள வரும். வீடு கனத்துப்போய் உக்காந்துக்கும், மிதந்து போகாது. அதுக்கு எவன் சர்டிபிகேட் குடுத்தான்?"

"உங்கப்பா வீட்டுல இருந்தாரு, கட்டையப் புடுங்கினாரு" என்றாள் நீவா. "இப்ப ரெண்டு நாள் முன்னாடியே ஷெரிப் ஆளு வந்து ஊரைக் காலி பண்ணுன்றான். நீ கின்ஸ்டன்ல மோட்டல் கட்டில்ல படுத்துக்கிட்டு இங்க கட்டையப் புடுங்குவியா?"

டெல்மாஸ் சிரித்தான். அவன் நாற்பது வருஷமாக பிளாக் கட்டுகிற கொத்தன். ஊரில் பாதி அடிச்சுவர் அவன் கரண்டியில் எழும்பியது. கடிதத்தை நீவா படித்துக் காட்டியதும், கணக்குப்படி திறந்த ஓட்டை என்றால் எத்தனை வரும் என்று விரல்விட்டு எண்ணினான். ஏறக்குறைய இருபது வந்தது. சான்றிதழ் உள்ளதென்றால் ஆறு போதும்.

"இருபது ஓட்டை போட்டா அது சுவரா, சல்லடையா? நான் கட்டின சுவத்த நானே அரிச்சுத் தள்ளணுமா?" என்றான். "ஆறுன்னா யோசிக்கலாம்."

"அப்ப ஆறு" என்றாள் நீவா. அவளுக்கு அது போதும். போன பெரிய புயலில் கோடிவீட்டுக்காரர்களின் சுவர் விழுந்து, வீடு சாய்ந்து, அவர்கள் மூன்று வருஷம் சக்கரம் வைத்த தகர வண்டி வீட்டில் குடியிருந்ததை அவள் தினமும் வேலைக்குப் போகிற வழியில் பார்த்தவள். அந்தப் பெண்பிள்ளை மழை பெய்தால் குடையைப் பிடித்துக்கொண்டு கக்கூசுக்குப் போவாள். தனக்கு அது வரக்கூடாது என்று நீவா அப்போதே முடிவு கட்டிவிட்டாள்.

சனிக்கிழமை இருவரும் போஃபர்ட்டிலுள்ள இரும்புச் சாமான் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் ப்ரூயிட் இரண்டு சாமானை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்று துருப்பிடிக்காத எஃகு. நடுவில் ஒரு சின்னக் கதவு, உள்ளேயும் ஆடும், வெளியேயும் ஆடும். இரண்டு பக்கமும் மிதவை. தண்ணீர் ஏறினால் மிதவை எழும்பிக் கொக்கி விட்டுவிடும், கதவு திறந்துகொள்ளும். கூடவே முத்திரை போட்ட காகிதம். மற்றது அதே அளவு, அதே பளபளப்பு, கதவுக்குப் பதிலாக வரிசையாகத் தகடுகள். விலை பாதிக்கும் கீழே.

"ரெண்டும் ஒண்ணுதான். இதுக்குக் காயிதம் இல்ல, அவ்வளவுதான்" என்றார் ப்ரூயிட்.

டெல்மாஸ் இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தான். அவனுக்கு விலை குறைந்ததன் மேல்தான் கண். "பார்க்க ஒரே மாதிரிதான இருக்கு" என்றான்.

"பார்க்கிறதுக்கா வாங்குறோம்?" என்றாள் நீவா. "ப்ரூயிட், ரெண்டுலயும் ஒவ்வொண்ணு குடு. செவ்வாக்கிழமை திருப்பிக் கொண்டாறேன்."

"ஈரமாக்கிடாத, நீவா. அப்புறம் நான் விக்க முடியாது."

"வெள்ளத்துக்கு வைக்கிற சாமான ஈரமாக்கக் கூடாதா?"

ப்ரூயிட் தலையைச் சொறிந்துகொண்டு கொடுத்துவிட்டார்.

நண்டுக் கொட்டகையில் நண்டு கழுவுகிற நீளத் தொட்டி ஒன்று உண்டு, நடுவில் பலகை செருகி இரண்டாகத் தடுத்துக்கொள்ளலாம். திங்கட்கிழமை வேலை முடிந்ததும் நீவா டெல்மாஸை வரவழைத்து, அந்தப் பலகையில் சாமான் உட்காருகிற அளவுக்கு வெட்டச் சொன்னாள். விளிம்பைச் சுற்றித் துணி அடைத்தார்கள். ஒரு பக்கம் குழாயைத் திறந்துவிட்டாள். முதலில் தகடு வைத்தது. தண்ணீர் அழகாகத் தகடுகளின் வழியாக மறுபக்கம் போனது.

"போகுதுல்ல?" என்றான் டெல்மாஸ்.

"இரு. நம்ம ஊரு வெள்ளம் இப்படியா வரும், குடிக்கிற தண்ணி மாதிரி?" என்று சொல்லிவிட்டு நீவா கரைக்குப் போய் ஒரு கூடை காய்ந்த நாணல் அள்ளி வந்தாள். புயல் வந்தால் சதுப்பில் செத்துக் கிடக்கிற நாணலெல்லாம் பாய் பாயாக மிதந்து வந்து வீட்டுச் சுவரில்தான் ஒட்டும். கூடையைத் தொட்டியில் கவிழ்த்தாள். இரண்டு நிமிஷத்தில் நாணல் தகடுகளில் போய் அப்பிக்கொண்டது. தண்ணீர் ஏறியது. பலகை முனகியது. டெல்மாஸ் கையால் முட்டுக் கொடுத்தான்.

பிறகு கதவு வைத்ததைச் செருகினார்கள். பெண்கள் ஏழெட்டுப் பேர் ஏப்ரனைக் கழற்றாமலே சுற்றி நின்றார்கள். தண்ணீர் நாலு விரல் ஏறியது. மிதவை எழும்பியது. டக் என்று ஒரு சத்தம், கதவு திறந்து நாணலும் தண்ணீரும் சேர்ந்து மறுபக்கம் ஓடின.

"என் வீட்டுக்காரனைவிடத் தேவலை" என்றாள் எல்லோருக்கும் மூத்த மிஸ் ஐவி. "யாரும் சொல்லாமலே எந்திரிச்சு வேலை பாக்குது."

"சர்டிபிகேட் உள்ள மாப்பிள்ளை, மிஸ் ஐவி" என்றாள் ஒருத்தி. கொட்டகையே சிரித்தது. நீவாவுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. கையை நனைத்து அந்தக் கதவை மறுபடி மறுபடி தள்ளிப் பார்த்தாள்.

கதவு வைத்ததிலேயே ஆறு வாங்கி வந்தார்கள். டெல்மாஸ் ஒரு வாரம் வேலை செய்தான். ஒத்துக்கொண்டுவிட்டால் அவன் வேலையில் குறை சொல்ல முடியாது. தரையிலிருந்து ஒரு அடிக்கு மேலே போகக் கூடாது என்று காகிதத்தில் இருந்தது, அவன் முக்கால் அடியிலேயே கோடு கிழித்தான். காயல் வருகிற வடக்குச் சுவரில் இரண்டு, தெற்கில் இரண்டு, மற்ற இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. அறுக்கிற மெஷினின் தூசி வாய்க்குள் போகாமல் கைக்குட்டை கட்டிக்கொண்டு, பிளாக் விரியாமல் அறுத்து, சட்டத்தை வைத்து, மட்டம் பார்த்து, கலவை பூசினான். வீட்டுக்கு அடியில் தவழ்ந்து போய் உள்பக்கமும் பூசினான். முடித்துவிட்டு வெளியே வந்தபோது தலைமுடி முழுக்கச் சிலந்தி வலை.

ராய்ஸ் வேலிமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு பார்த்தான். அவன் வீட்டுச் சுவரில் பழைய காற்றுத் துவாரங்கள் இருந்தன. நண்டுக் கூண்டின் மிதவைகளை உடைத்து அதில் திணித்து, மேலே பழைய பாய்த்துணி அடைத்து, பலகை வைத்து ஆணியும் அடித்திருந்தான். குளிர்காலத்துக்கென்று, பெண்சாதி ஷெல்பிக்காக அடைத்தது. வசந்தம் வந்தால் எடுக்க வேண்டும். ஏழு வசந்தம் போய்விட்டது.

"அதையெல்லாம் புடுங்கி எறி, ராய்ஸ்" என்றாள் நீவா. "தண்ணி வந்தா சுவரு தாங்காது."

"ஷெல்பி காலு ஐஸ்கட்டி, நீவா. தரை வழியா கொஞ்சம் காத்து வந்தாப் போதும், அந்தக் காலைக் கொண்டாந்து என் முதுகுல வைப்பா. வெள்ளம் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை. அது தெனமும்."

"அப்புறம் அழுவாத."

"அழுதா உன் வீட்டுக்கு வந்து அழுவேன். நண்டுக் குழம்பு வச்சிரு."

அடுத்த செப்டம்பரில் புயல் வந்தது. கின்ஸ்டனில் நீவாவின் தங்கை வீட்டில் நாலு நாள் எல்லோரும் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். ஐந்தாம் நாள் பாலத்தைத் திறந்துவிட்டார்கள். ரோடு முழுக்க நாணல், செத்த மடவை மீன், யாரோ வீட்டுப் பிரிட்ஜ். திருப்பத்தில் முதலில் தெரிந்தது ராய்ஸ் வீடு. வடக்குச் சுவர் உள்பக்கமாக விழுந்து, அந்த மூலை இறங்கி, வீடு மண்டிபோட்ட மாதிரி இருந்தது. சமையலறை ஜன்னல் உடைந்து திரைச்சீலை சேற்றில் கிடந்தது. ஷெல்பி வண்டியிலிருந்து இறங்காமல் அழுதாள்.

நீவாவின் வீடு நின்றது. சும்மா நிற்கவில்லை, நேராக நின்றது. டெல்மாஸ் மட்டக்கோலை எடுத்துப்போய்ச் சுவரில் வைத்துப் பார்த்தான், குமிழி நடுவிலேயே நின்றது. ஆறு கதவுகளிலும் நாணல் துணுக்கு ஒட்டியிருந்தது. உள்ளே தரைக்கு மேலே கணுக்கால் அளவு தண்ணீர் வந்து போயிருந்தது, ஒரு விரற்கடை சேறு. அவ்வளவுதான். டெல்மாஸ் அவள் தோளில் கை போட்டு, "நீ ஜெயிச்சிட்ட" என்றான். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவன் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. நீவா அழுதுவிட்டாள். பக்கத்தில் ஷெல்பி அழுதுகொண்டிருக்கும்போது தான் எதற்கு அழுகிறோம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மூன்று வாரம் கழித்துக் கவுண்டி என்கிற ஜில்லா ஆபீசிலிருந்து ஹாஸ்கின்ஸ் என்பவர் வந்தார். கையில் பலகை மாதிரி ஒரு கம்ப்யூட்டர். வீடு வீடாகப் போய் சேதத்தைக் கணித்தார். வீட்டின் மதிப்பில் பாதிக்கு மேல் சேதம் என்றால் ஒரு வழி, பாதிக்குக் கீழே என்றால் வேறு வழி. பாதிக்கு மேல் போனால் சர்க்கார் அந்த வீட்டை வாங்கிக்கொள்ளும், அல்லது பத்தடி உயரத் தூண்மேல் தூக்கி வைத்துக் கொடுக்கும். ராய்ஸ் வீட்டுக்கு நூற்றுக்கு அறுபத்திரண்டு வந்தது. நீவா வீட்டுக்கு முப்பத்தொன்று.

"அப்ப எங்களுக்கு?" என்றாள் நீவா.

"உங்களுக்கு ரிப்பேருக்குக் காப்பீடு குடுக்கும், மேடம். நல்லாப் பராமரிச்சிருக்கீங்க. இந்தத் தெருவிலயே உங்க சுவர்தான் நிக்குது." ஹாஸ்கின்ஸ் மண்டிபோட்டு வெள்ளக்கண்ணைப் போட்டோ எடுத்தார். இரண்டு மூன்று கோணத்தில் எடுத்தார். நீவா பெருமையாகத்தான் பக்கத்தில் நின்றாள்.

ராய்ஸும் ஷெல்பியும் வீட்டை விற்றுவிட்டு உள்நாட்டில், நியூபோர்ட்டுக்கு அந்தப்பக்கம் மேட்டு நிலத்தில் செங்கல் வீடு வாங்கினார்கள். போகிற அன்றைக்கு ராய்ஸ் வேலியோரம் வந்து நின்றான். வழக்கமான கிண்டல் ஒன்றும் வாயில் வரவில்லை. "உன் பேச்சைக் கேட்டிருந்தா நானும் இங்கயே கெடந்திருப்பேன்" என்றான். நல்லதாகத்தான் சொல்லவந்தான். சொன்னபிறகு எப்படிப் படுகிறது என்று அவனுக்கே தெரிந்து, டெல்மாஸின் முதுகில் தட்டிவிட்டுப் போய்விட்டான்.

தெருவில் ஒன்பது வீடு இருந்தது. ஆறு பேர் விற்றுவிட்டுப் போனார்கள். சர்க்கார் வாங்கிய நிலத்தில் மறுபடி யாரும் கட்டக் கூடாது என்பது சட்டம். மெஷின் வந்து வீடுகளை இடித்து அள்ளிக்கொண்டு போனது, புல் விதைத்தார்கள். ஒரு வீட்டைத் தூண்மேல் தூக்கினார்கள். அதன் சொந்தக்காரர் அதைக் கோடைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு ராலே நகரத்தில் உட்கார்ந்துகொண்டார். நண்டு உடைக்க ஆள் இல்லாமல் கொட்டகையை மூடினார்கள். மிஸ் ஐவி மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். நீவா பதினெட்டு மைல் தள்ளி ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் ரோட்டில் தண்ணீர் ஏறும். ரோட்டை உயர்த்தச் சொல்லி எழுதிப்போட்டாள். இரண்டு குடித்தனத்துக்காக ரோடு போட முடியாது என்று மரியாதையாகப் பதில் வந்தது.

அதுகூடப் பரவாயில்லை. டெல்மாஸின் நெஞ்சுதான் பெரிய பாடாகிவிட்டது. புயலுக்குப் பிறகு வீட்டுக்கு அடியில் படிந்த சேற்றை அவன்தான் தவழ்ந்து தவழ்ந்து வாரி வெளியே தள்ளினான். காய்வதற்குள் அடுத்த வெள்ளம், அதைக் கழுவுவதற்குள் அதற்கடுத்தது. தரைச் சட்டங்களில் கறுப்பாகப் பூசணம் ஏறியது. குளோரின் அடித்தால் ஒரு மாசம் அடங்கும், பிறகு வரும். அவன் இருமல் முதலில் காலையில் மட்டும் இருந்தது. அப்புறம் படி ஏறினால் வந்தது. அப்புறம் சும்மா உட்கார்ந்திருந்தாலே வந்தது. மோர்ஹெட்டில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அந்த வீட்டை விட்டு வெளிய வந்தாத்தான் மருந்து வேலை செய்யும்" என்றார்.

எங்கே போவது? வீட்டை விற்க எழுதி வாசலில் பலகை நட்டார்கள். எட்டு மாசத்தில் ஒரே ஒருத்தன் வந்தான், வண்டியிலிருந்து இறங்காமல் ரோட்டிலிருந்த தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

நீவா ஒருநாள் லீவு போட்டுவிட்டு ஹாஸ்கின்ஸ் ஆபீசுக்குப் போனாள். மூன்று வெள்ளத்தின் காகிதங்களையும் அடுக்கி எடுத்துப் போயிருந்தாள்.

"முதல்ல முப்பத்தொண்ணு. அப்புறம் பதினாலு. இந்த வசந்தத்துல பதினொண்ணு. மூணையும் கூட்டிப் பாருங்க, பாதியைத் தாண்டுது."

"கூட்ட முடியாது, மேடம். இந்தக் கவுண்டியில ஒவ்வொரு வெள்ளமும் தனித்தனி."

"வீடு ஒண்ணுதானே? அதே வீடுதானே நனையுது?"

"வீடு ஒண்ணுதான்."

"எங்க வீட்டுக்காரரு நெஞ்சு?"

"அதைச் சேதத்துல சேர்க்க எனக்கு இடமில்ல." ஹாஸ்கின்ஸ் கெட்டவர் இல்லை. பேனாவை மூடி மூடித் திறந்தார். "உண்மையச் சொல்லணும்னா, உங்க வெள்ளக்கண் ரொம்ப நல்லா வேலை செய்யுது. தண்ணி வருது, போகுது, சுவருக்கு ஒண்ணும் ஆகல. சுவரு விழாம பாதி சேதம் வராது."

"அப்ப நான் செஞ்சது தப்பா?"

"தப்பில்ல, மேடம். நீங்க செஞ்சதுதான் சரி." அவர் சங்கடப்பட்டுக்கொண்டே மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். கரையோரத்து ஜனங்களுக்கென்று ஆபீசில் அச்சடித்தது. உங்கள் வீட்டைக் காப்பாற்றுவது எப்படி என்று தலைப்பு. கீழே ஒரு சுவர், ஒரு எஃகுக் கதவு, கதவில் ஒட்டிய நாணல். நீவாவின் வடக்குச் சுவர்தான். ஓரத்தில் அவள் ரப்பர் பூட்ஸின் நுனிகூட விழுந்திருந்தது.

அவள் அந்தத் தாளை மடித்து வைத்துக்கொண்டாள். வண்டியில் உட்கார்ந்ததும் எடுத்து நாலாகக் கிழித்தாள். அவளுக்கு ஹாஸ்கின்ஸ் மேல் கோபம் இல்லை. ஷெல்பி மேல் இருந்தது. தன் காலுக்குக் குளிரென்று ஏழு வருஷம் கந்தலை எடுக்கவிடாமல் வைத்திருந்தவள் மேட்டு நிலத்தில், ஈரமில்லாத தரையில் காலை நீட்டிக்கொண்டு இருக்கிறாள். அதற்காகக் கோபப்படுவது பாவம் என்றும் தெரிந்தது, கோபமும் போகவில்லை.

வீட்டுக்கு வந்து டெல்மாஸிடம் சொன்னாள். அவன் சோள ரொட்டியைப் பாலில் பிய்த்துப் போட்டுத் தின்றுகொண்டிருந்தான். கேட்டுவிட்டு இன்னொரு துண்டு ரொட்டியைப் பிய்த்துப் போட்டான். நீதானே பிடிவாதம் பிடித்தாய் என்று அவன் ஒரு தடவை கத்தியிருந்தால் அவளுக்கு ஆறியிருக்கும். அவன் அந்த வார்த்தையை எடுக்கவே மாட்டான். அதுதான் அவளைத் தின்றது.

"திட்டேன்" என்றாள். "ஒரு தடவை திட்டிடு."

"என்னன்னு திட்ட? சுவரு நல்லா நிக்குதுன்னா?" என்று சொல்லி டெல்மாஸ் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க அரைமணி நேரம் ஆயிற்று.

ஆகஸ்ட் கடைசியில் ரேடியோவில் ஒரு புயலுக்குப் பெயர் வைத்தார்கள். மூன்று நாளில் கரைக்கு வரும் என்றார்கள். பள்ளிக்கூடத்தை மத்தியானமே மூடிவிட்டார்கள். நீவா வழியில் பெட்ரோல் போட்டுக்கொண்டு, டெல்மாஸின் மருந்தை வாங்கிக்கொண்டு வந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. காற்று இல்லை, காயல் எண்ணெய் ஊற்றினாற்போல் கிடந்தது. பெரிய புயலுக்கு முன்னால் இங்கே எப்போதும் அப்படித்தான்.

வண்டியை நிறுத்தும்போதே துளைபோடுகிற மெஷின் சத்தம் கேட்டது. ஜன்னல்களுக்குப் பலகை அடிக்கிறான் என்று நினைத்தாள். முன்பக்க ஜன்னல்கள் எல்லாம் திறந்தபடி இருந்தன. சத்தம் வடக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

டெல்மாஸ் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தான். மண்டிபோட்டால் மூச்சு வாங்கும் என்பதால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் வெட்டி வைத்த ஒட்டுப்பலகைத் துண்டுகள், ஆறு. முதல் வெள்ளக்கண்ணின்மேல் ஒன்றை வைத்து, விளிம்பில் பசை தடவி, திருகு ஏற்றிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினான்.

பக்கத்து நிலத்தில் ராய்ஸ் வீடு இருந்த இடத்தில் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது.

"யாராச்சும் கேட்டா?" என்றாள் நீவா.

"ஜன்னலுக்குப் பலகை அடிச்சேன், கிழவன், தெரியாம இதுக்கும் சேர்த்து அடிச்சிட்டேன்னு சொல்றேன்."

"நீ கொத்தன். உனக்குத் தெரியாதுன்னு எவன் நம்புவான்?"

"ராய்ஸும் கொத்தன் வீட்டுப் பிள்ளைதான். அவனை யாராச்சும் கேட்டாங்களா?"

நண்டுக் கொட்டகையில் இருபத்திரண்டு வருஷம் எடைக்குக் கூலி வாங்கியும், சதையோடு ஒரு துணுக்கு ஓடுகூடச் சேர்க்காதவள் நீவா. மற்றவர்கள் கொஞ்சம் தண்ணீரோடு டப்பாவை மூடுவார்கள், அவள் வடித்துவிட்டுத்தான் மூடுவாள். அவளுக்கு அசிங்கமாக இருந்தது. அந்தப் பலகையைப் பார்க்கவே அசிங்கமாக இருந்தது. அதே சமயம் டெல்மாஸின் மூச்சு கேட்டது. ஒவ்வொரு தடவையும் உள்ளே இழுக்கும்போது ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி ஒரு சத்தம்.

"நாளைக்கு கின்ஸ்டன் போயிடலாம்" என்றான் அவன். "திரும்பி வந்து பாக்கிறப்ப நிக்குதோ விழுந்துடுச்சோ. விழுந்தா நமக்கும் மேட்டு நிலம், நின்னா நம்ம தலையெழுத்து. உனக்கு மனசில்லன்னா சொல்லு, இப்பவே கழட்டிடுறேன்."

நீவா மருந்துப் பையைப் புல்மேல் வைத்தாள். கிட்டே போய்க் குனிந்து பலகையைப் பார்த்தாள். மூலைக்கு ஒன்றாக நாலு திருகு ஏற்றியிருந்தான். விரல்நுனியை விளிம்பில் கொடுத்து இழுத்துப் பார்த்தாள். நடுவில் லேசாக அசைந்தது. உள்ளே அந்த எஃகுக் கதவு இருக்கிறது. நண்டுத் தொட்டியில் ஏழெட்டுப் பெண்கள் பார்க்க, தான் கையால் தள்ளித் தள்ளிப் பார்த்த கதவு.

அவள் டப்பாவிலிருந்து இரண்டு திருகை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"நாலு போதாது, ஆறு போடு" என்றாள். "நான் வாங்கினது நல்ல சாமான். நாலுன்னா தள்ளிக்கிட்டுத் திறந்திடும்."

டெல்மாஸ் மெஷினை எடுத்தான். அவள் மண்டிபோட்டுப் பலகையை இரண்டு கையாலும் சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.